சுவிஸ் குடிக்குத் திருவிழா இல்லை

என் அருமை யோகன் மச்சான்,

உன் மகன் நிலன் முதல்முறையாக ஊருக்கு வந்து போய்விட்டான். சுவிஸிலிருந்து அவன் கொண்டுவந்த பயணத் திட்டத்தில் நம் நாடு ஓர் அழகான தீவு. பாசிக்குடாவில் குளியல், அறுகம்பையில் அலைச்சறுக்கு. இரண்டுக்கும் நடுவே தேற்றாத்தீவு, அரைநாள். அதற்கு எதிரே 'அப்பாவின் ஊர்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

வாடகை வான் வண்டியின் கூரையில் அலைப்பலகையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். குடிவம்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் என்ற முறையில், அன்று கோயிலில் உங்கள் குடியின் திருவிழா. வருடாவருடம் நீ தனியே பறந்து வந்து நின்ற இடத்தில் இம்முறை அவனை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேட்டி கட்டிவிட்டேன். இரண்டு முறை நழுவியது.

"பெல்ட் போடட்டா மாமா?"

"போடு மனே. கொப்பரும் போட்டவன்தான்."

உங்கள் குடியாரை அழைத்தார்கள். நிலன் முன்னே நடந்தான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கையை நீட்டி மறித்தார்.

"இவர்ர தாய் என்ன குடி?"

"சுவிஸ்," என்றேன்.

"சுவிஸ் குடியெண்டு நம்மட கோயில்ல ஒண்டும் இல்லயே தம்பி."

"அவங்களுக்கும் ஒரு நாளக் குடுங்க வண்ணக்கர், சொக்லட் பொங்கல் கிடைக்கும்," என்றது பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

வண்ணக்கர் கெட்டவர் அல்ல. முறையைத்தான் சொன்னார். இங்கே தாயின் குடிதான் பிள்ளையின் குடி. உன் குடி உன் மகனுக்கு வராது. "விருந்தாளியா வெளியில நிண்டு கும்பிடட்டும்," என்றார்.

இந்த முறையைப் புகழ்ந்து மூன்று கட்டுரை எழுதியவன் நான். தாய்க்கு இத்தனை மதிப்புத் தரும் மண் வேறெங்கே உண்டு என்று மேடையில் கேட்டவன். முறை தெரிந்தும் அவனை ஏன் முன்னே அனுப்பினேன், மச்சான்?

நிலன் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் கோபம். "அப்ப இங்கயும் நான் டூரிஸ்ட்தான் மாமா," என்று சிரித்துவிட்டு அறுகம்பைக்குப் போனான். இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பினான்: "எல்லாரும் அலைக்குக் காத்து நிக்கிறம் மாமா. ஒருத்தரும் அம்மாவப் பத்திக் கேக்கல்ல."

அடுத்த வருடமும் வருவானாம். வந்தால், எங்கள் குடியை அழைக்கும்போது நான் உள்ளே போகமாட்டேன். அவன் பக்கத்தில் வெளியே நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைக்கு மாமனும்
உனக்கு என்றும் மச்சானுமாகிய நான்