கேட்டில் நின்றுபோகும் ஹெரால்டு

1971 ஜூலை 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் என் ஹெரால்டு கார் மறுபடியும் அணைந்துவிட்டது. கேட் திறந்ததும் பின்னால் ஒரே ஹாரன். ஒரு சைக்கிள்காரன், "இன்னாம்மா, வூட்ல ஆம்பள இல்லியா?" என்றான். பள்ளிக்குத் தாமதம். ஹெச்.எம். என் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஓடும்போது குறையே இல்லை. நின்றால்தான் குலுங்கல். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் திக்கித் திக்கி அணைகிறது. எல்லாம் இவருடைய தம்பி செல்வின் கை வைத்த பிறகுதான். நான் திருநெல்வேலி போயிருந்தபோது, பர்மா பஜாரில் வாங்கிய ஏதோ ஃபாரின் ஏர் ஃபில்டரை மாட்டி வைத்திருக்கிறான். "அண்ணி, இனிமே வண்டி நல்லா மூச்சு விடும், பறக்கும்." என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

6, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். பிளக் மாற்றினார். ஏதோ ஸ்குரூவைத் திருகினார். கொஞ்ச நேரம் சரி, பிறகு பழையபடி. வண்டியை ஓட்டுகிற என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவரிடம் சொல்கிறார்: "வண்டில ஒண்ணியும் இல்ல சார். லேடீஸ் கிளச்ச டபக்குனு வுட்டா ஆஃப் ஆவத்தான் செய்யும்."

இவர் தலையாட்டினார். செல்வின் சிரித்தான். மூன்று பேருக்கும் காப்பி கொடுத்தவள் நான். சர்க்கரை போடாமல் கொடுத்திருக்க வேண்டும்.

கோவளம் வரை தனியாக ஓட்டிப் போய் மீன் வாங்கி வந்தவள் நான். அந்த மீனைத் தின்றபோது கிளச் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

சாப்பிடும்போது இவர்: "வித்துடலாம் எஸ்தர். மேடவாக்கத்துல ஒருத்தர் கேக்கறார். நிலபுலன் உள்ளவர். ஆடி பொறந்தா எதுவும் வாங்க மாட்டாராம். அதனால இந்த சனிக்கிழமையே வர்றார்."

அப்பா எனக்கென்று கொடுத்த வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் இவர் பெயர். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

8, வியாழன்

சாயங்காலம் தூறல் விட்டது. வீட்டில் யாரும் இல்லை. பானெட்டைத் தூக்கினேன்.

புது ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அப்போதும் குலுங்கல். ஆக, ஃபில்டர் மேல் பழி இல்லை. குனிந்து கேட்டேன். கார்ப்பரேட்டர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் 'உஸ்' என்று மெல்லிய சத்தம். தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து அந்த இடுக்கைச் சுற்றி நாலு சொட்டு விட்டேன். குலுங்கல் நின்றது. எண்ணெயை உறிஞ்சியதும் மறுபடி குலுங்கல். திரும்ப விட்டேன், திரும்ப நின்றது. காற்று அந்த வழியாகத்தான் திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

எஞ்சின் ஆறியதும் இரண்டு நட்டையும் கழற்றிப் பார்த்தேன். நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கிற காஸ்கெட் அட்டை இல்லை. கிறிஸ்மஸ் கார்டு. கொழும்பிலிருந்து அக்கா அனுப்பிய கார்டு. பாதி மேய்ப்பன், ஓர் ஆட்டின் தலை, பெட்ரோலில் ஊறி ஓரமெல்லாம் நைந்து கிடக்கிறது. ஃபில்டர் மாட்டுகிற அவசரத்தில் கார்ப்பரேட்டரையும் கழற்றி, நல்ல காஸ்கெட்டைக் கிழித்துவிட்டு, செல்வின் துரை இதைக் கத்தரித்து வைத்திருக்கிறார். பழி என் கிளச்சுக்கு.

அழுகை இல்லை, கோபம்தான்.

9, வெள்ளி

வெயில். வாங்க: காப்பித்தூள், சிவப்பு மை, காஸ்கெட்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்: "டிரைவர அனுப்பக் கூடாதாம்மா?"

"நான்தான் டிரைவர்."

இவர்கள் வருவதற்குள் மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. வண்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இரண்டு பேரும் வந்ததும் சொல்லத்தான் போனேன். ஹாலில் இவர் தம்பியிடம்: "நாளைக்கு அவர் முன்னாடி மட்டும் குலுங்காம நின்னாப் போதும்டா. கேட்ட விலை கொடுத்துடுவார்."

வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். நன்றாக ஓடினால் நாளைக்கே போய்விடும். குலுங்கினால் ஆடி முடியும்வரை என்னுடையது.

10, சனி

பால்காரர் வருமுன் ஸ்பேனர். புது காஸ்கெட் வெளியே, மேய்ப்பன் உள்ளே.

மேடவாக்கத்துக்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். செல்வின் ஸ்டார்ட் செய்தான். வண்டி உடம்பை உதறியது, அணைந்தது. மறுபடி, மறுபடி. அவன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கிளச்சைப் பற்றி யாரும் பேசவில்லை.

"இன்னாங்க, குளிர் ஜுரம் வந்தாப்ல ஒதறுது?" என்றார் அவர். "ஆடி போவட்டும், பாக்கலாம்."

அவர் தலை மறைந்ததும் இவர் தம்பியிடம் பாய்ந்தார். "அந்தக் கண்றாவி ஃபில்டர எவன்டா மாட்டச் சொன்னது?" நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். சர்க்கரை தாராளமாக.

11, ஞாயிறு

ஆராதனைக்கு முன் புது காஸ்கெட்டையும் பழைய ஃபில்டரையும் மாட்டியாகிவிட்டது. கிறிஸ்மஸ் கார்டு தையல் மிஷின் டிராயரில். ஆவணியில் வேண்டியிருக்கும்.

மத்தியானம் அஸ்தினாபுரத்தில் நாத்தனார் வீட்டு விருந்து. குரோம்பேட்டை கேட் மூடியிருந்தது. இறங்கித் தள்ளத் தயாராக இவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். இரண்டு ரயில் போயிற்று. எஞ்சின் குலுங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

கேட் திறந்தது. இவர் என் காலைப் பார்த்தார், பிறகு என்னை. "என்ன எஸ்தர், நிக்கவே இல்லையே?"

"கிளச்சை ஒழுங்கா விட்டேன்," என்றேன்.