உன் அறையில் ஓடும் தண்ணீர்

குட்டிம்மா,

இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போன இடத்தில் உனக்கு அந்த மூச்சிரைப்பு இல்லாமல் இருந்தால் போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி, தங்கை வேலைக்குப் போய்வருகிறாள், நீ போன பிறகு அவள் என்னோடு சண்டை போடுவதே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. உன் கம்ப்யூட்டரை இன்னும் அணைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "கணக்கு ஓடுதும்மா, யாரும் கை வச்சிடாதீங்க" என்றாயே, அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் அதன் பக்கத்தில் படுத்தால் அதன் விசிறிச் சத்தம் நீ தூங்குவது மாதிரியே இருக்கிறது, கண் சொருகும்போது அறை முழுக்கத் தண்ணீர் ஏறிக் கட்டில் மெல்ல மிதக்கிறது, பயமே இல்லை. ஒருநாள் குளிருமே என்று உன் போர்வையைப் போர்த்திவிட்டேன், அது கத்த ஆரம்பித்துவிட்டது. அப்பா ஓடிவந்து, "அடியே, அதுக்கு மூச்சு முட்டுதுடி" என்று போர்வையை உருவினார், அப்புறம் அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நேற்று உன்னோடு வேலை பார்த்த அந்த சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் வந்தான். நீ தண்ணீர் இன்ஜினியர் என்று நான் தெருவெல்லாம் சொல்லி, குழாய் நின்றால் நம் கதவைத் தட்டுகிறார்கள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். "உடம்புக்குள்ள மருந்து போய் ஒட்டுற இடத்துல முன்னாடியே தண்ணி உக்காந்திருக்கும்மா. எது நிம்மதியா இருக்கு, எது எப்படா கிளம்பலாம்னு தவிக்குதுன்னு இவ எழுதின ப்ரோக்ராம் காட்டும். தவிக்கிறதைத் தள்ளிட்டு மருந்து உக்காந்துக்கும்" என்றான். திரையில் நடுவே நூல்கண்டு மாதிரி ஒன்று, மருந்து போய் ஒட்டுவது அதில்தானாம், சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். நூல்கண்டு ஏன் அசையவில்லை என்றேன். "அதைப் பிடிச்சு நிறுத்தினாத்தான் தண்ணியோட கணக்குப் பிடிபடும்மா" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கணக்கு எப்பவோ முடிஞ்சிடுச்சும்மா, படம்தான் திரும்பத் திரும்ப ஓடுது" என்றான். அந்தப் பெட்டி உங்கள் ஆபீஸுடையதாம், நீ விட்ட இடத்திலிருந்து செய்ய ஒரு பெண் காத்திருக்கிறாளாம், நாளைக்கு எடுக்க வருவான். "நீங்க சொல்லாம தொட மாட்டேன், உங்க கையாலயே அணைங்கம்மா" என்று எந்தப் பொத்தான் என்றும் காட்டிவிட்டுப் போனான். தர மாட்டேன் என்று வாய் வரைக்கும் வந்தது. உன் மருந்துக்காக ஒரு வாசல் பாக்கியில்லாமல் அலைந்தவள் நான், எப்படிச் சொல்வேன்? காலையில் அணைத்துவிடுகிறேன்.

நன்றாக இரு கண்ணு. தலையை ஈரத்தோடு முடியாதே.

உன் அம்மா

நான் அணைத்ததும் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும், குட்டிம்மா?