சயிப்பா

உராசே, மார்ச் 4, 2012

அன்புள்ள சிஸுரு அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். ஊருக்கென்று ஓர் அடையாளப் பொம்மை வரையச் சொல்லி நகராட்சி வைத்த போட்டியில் உன் ஓவியம்தான் ஜெயித்ததாமே! மீன் சந்தை முழுக்க உன் பேச்சுதான். அப்பாவிடம் சொன்னேன். பக்கவாதம் வந்ததிலிருந்து எதற்கும் ஒரே பதில்தானே: "சயிப்பா." 'சரிப்பா' என்று முழுசாக வரவில்லை. ஆனால் சிரித்தார், அக்கா.

எனக்கும் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது, அந்தப் பொம்மை உடுப்புக்குள்! அதிகாரி ஒகாஜிமா முதலில் சொன்ன விதி: "உள்ள ஆளே கிடையாதும்மா. யார் கேட்டாலும் அதான் பதில்." என்ன பொம்மை என்று இன்னும் காட்டவில்லை. நீயாவது சொல்லேன்.

உன் மினோரி


டோக்கியோ, மார்ச் 15

மினோரிக்கு,

கணவாய் மீன். அதற்குமேல் கேட்காதே. பிஸ்கட் உறைகளில் பெயரில்லாமல் கரடி வரைந்தே என் இளமை போய்விட்டது. இதுவும் தோற்றால் பென்சிலைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பொம்மையின் அறிமுக விழாவுக்கு அப்பாவைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

சிஸுரு


உராசே, மே 6

அக்கா,

விழாவன்றுதான் உடுப்பைப் பிரித்தேன். தொங்குகிற இடது கண். கோணிய வாய். அதன் ஓரத்தில் பஞ்சில் செய்த ஒரு சொட்டு எச்சில். பெயர் 'சயிப்பா'. நடைக்குறிப்பில் 'இடது காலை இழுத்து நடக்கவும்' என்று உன் கையெழுத்து. காலையில் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு வந்த நான், அவர் முன்னாலேயே அப்படி நடந்தேன்.

பிள்ளைகள் "சயிப்பா! சயிப்பா!" என்று கத்தினார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அப்பா எழுந்து, "சயிப்பா" என்றார். கூட்டமே சிரித்தது. "இந்தத் தாத்தா அப்படியே பண்றாருடா! இன்னொரு வாட்டி, தாத்தா!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பொம்மையின் வாயைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தலையைக் கழற்றவில்லை. உள்ளே ஆளே கிடையாதே.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். கண்ணையும் பெயரையும் மாற்றிக் கொடு, அக்கா. வேறெதுவும் கேட்கவில்லை.

மினோரி


டோக்கியோ, மே 20

மினோரிக்கு,

அழகான பொம்மைகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. ஏதோ ஒரு கோணல் இருந்தால்தான் ஜனங்களுக்குப் பாசம் வருகிறது. மேலும் ஒப்பந்தப்படி ஓவியம் நகராட்சியுடையது. ஒரு கோட்டைக்கூட நான் தொட முடியாது. நீ வாய் திறக்காவிட்டால் அது அப்பா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீ அவர் முகத்தைத் துடைத்தாய். நான் அதைப் பார்த்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

சிஸுரு


டோக்கியோ, நவம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

ஊர்ப் பொம்மைகளுக்கான நாடு தழுவிய வாக்கெடுப்பில் சயிப்பாவுக்கு மூன்றாம் இடம்! இரண்டு பெரிய கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டிருக்கின்றன. தொலைக்காட்சிப் பேட்டியில் சயிப்பா எங்கிருந்து பிறந்தது என்று சொல்லிவிட்டேன். நோயாளித் தந்தையை நேசிக்கும் மகள் என்று எல்லோரும் உருகிவிட்டார்கள். அடுத்த வாரம் அங்கே படம் பிடிக்க வருவார்கள். அவர் ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொன்னால் போதும். நல்ல சட்டை போட்டுவிடு.

உன் அக்கா


உராசே, டிசம்பர் 9

சிஸுருவுக்கு,

வந்தார்கள். "தாத்தா, ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்!" என்று ஒரு பெண் மைக்கை வாயருகே நீட்டினாள். அப்பா நல்ல கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் எச்சில் வழிந்தது. "ஐயோ, வெக்கப்படுறாரு, செம க்யூட்!" என்றாள். அதையும் படம் பிடித்தார்கள்.

கூட வந்த ஒகாஜிமா வாசலில் நின்று தலை குனிந்தபடி சொன்னார்: "அந்தக் கண்ணு வேண்டாமேன்னு ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே நாங்க கேட்டோம்மா. உங்க அக்காதான், அதுல கை வெச்சா ஓவியத்தையே திரும்ப எடுத்துக்குவேன்னாங்க."

உடுப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறோம். அப்பா இனி வெளியே வரமாட்டார்.

புத்தாண்டுக்கு வருவதாகப் பேட்டியில் சொன்னாயாம். வராதே. வந்து கதவைத் தட்டினாலும் பதில் இருக்காது.

உள்ளே ஆளே கிடையாது.

மினோரி