வாசல் விடாத கொத்தனார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

இங்கே கிராமத்துப் பள்ளிக்கூடம் கட்ட, நம் பாஷை பேசும் கல்லூரிப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கூலியில்லாமல் வேலைசெய்ய வந்திருக்கிறார்கள். நேற்று அவர்களைக் கேலி பேசிக்கொண்டே, பெரிய கொத்தனாராகிய நான், வகுப்பறைக்கு வாசல் விடாமல் சுவரைக் கட்டிவிட்டேன்.

"மாமா, பசங்க எப்படி உள்ள வருவாங்க?" என்றாள் ஒரு மாணவி.

உள்ளே மாட்டிக்கொண்ட நான் ஜன்னல் வழியாகக் குதித்தேன். பயப்படாதே, லுங்கிதான் கிழிந்தது. காயாத சுவரை அந்தப் பெண்ணே பிரித்து வாசல் விட்டாள்.

நம் பாப்பாவும் இப்படிச் சேவை செய்ய வெளிநாடு போகக் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று போனில் கத்தினேனே, அதற்கு அப்பா கையெழுத்து வேண்டும் என்ற படிவத்தை அனுப்பு, போடுகிறேன். கூடவே ஒரு லுங்கியும் வை. அவள் என்னோடு பேசி இருபது நாளாகிறது. பார்சல் மேல் முகவரியை மட்டும் அவள் கையால் எழுதச் சொல்.

கலவை காய்கிறது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா