சிவப்புக் கோடும் படகுச் சாவியும்

இன்று காலை துறைமுகத்தில் புதுப் பெயின்ட் வாடை. நம் டைவிங் படகிலிருந்துதான். நீ உயிரோடிருந்தபோது படகின் பக்கவாட்டில் வரைந்த சிவப்புப் பாரக்கோடு நான்கு விரல் மேலே ஏறியிருந்தது. இப்போது கடையை நடத்தும் உன் மருமகன் ஏற்றியிருக்கிறான். பழைய கோட்டை வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. என் கண்ணை நான் எளிதில் நம்புகிறவனில்லை. இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

கிளம்புமுன் எல்லாரையும் காற்று சிலிண்டரோடும், முங்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயப் பட்டையோடும் ஒரே பக்கம் நிற்க வைப்பாய். "ஆமை தெரிஞ்சா எல்லாரும் ஒரே பக்கந்தான் ஓடுவாங்க. அத இங்கியே பாத்துடலாம்" என்பாய். கோடு தண்ணீருக்குள் போனால் சிலர் இறங்கியாக வேண்டும். கெஞ்சினால் நீ இளகிவிடுவாய் என்பது உனக்கே தெரியும். அதனால் சாவி என்னிடம் இருக்கும். பள்ளியில் நம் வகுப்பிலேயே பயந்தாங்கொள்ளி நான். ஓய்வுக்குப் பின் உன் கடையில் பதிவு வேலை பார்த்தேனே தவிர, கடலில் தலை நனைத்ததில்லை. என்னிடம் எதற்கு என்று கேட்டேன்.

"பயப்படறவன் கையிலதான் முசே சாவி இருக்கணும். நான் சரின்னுடுவேன்" என்றாய். 'ஐயா' என்பதற்கு உனக்கு எப்போதும் முசேதான்.

நெடுநாள் அதைக் கேலி என்றே நினைத்திருந்தேன்.

இன்று விடுமுறைக் கூட்டம். ஏறியவர்களை ஒரு பக்கம் வரச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை; மறுபடி சொன்னேன். வந்தார்கள். பழைய விளிம்பு மூழ்கியது, புதுக் கோடு மட்டும் மேலே பளபளத்தது.

"கோடு மேலதான மாமா இருக்குது. சாவியக் குடுங்க" என்றான் உன் மருமகன்.

"கோட்டத்தான் ஏத்தின. படக ஏத்தலியே."

அதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான், எல்லார் முன்னிலையிலும். சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்தபடி நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஈயப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். அவளோடு வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பழைய விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

மதியம் படகு திரும்பியதும், வழக்கம்போல் ஓட்டி வந்தவன் சாவியை என்னிடமே நீட்டினான். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் மருமகன் போனில் கூப்பிட்டபடி இருக்கிறான். எடுக்கவில்லை. சாவி என் பையில்தான் இருக்கிறது. வர வேண்டாம் என்ற இடத்துக்கு நாளை காலையும் போவேன். பயந்துகொண்டேதான் போவேன்.