மாரீஸ்வரி ஓடுகிறாள்

ஜூலை 14, திங்கள்

மழை விட்டபாடில்லை. நான்காம் வகுப்பில் இன்றும் ரகளை. வேறு எஸ்டேட்டிலிருந்து போன மாதம் வந்து சேர்ந்த மாரீஸ்வரிதான். சத்தம் போட்டவர்களை அதட்டி, கணக்கை ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்து, குறுக்கே இருந்தவர்களைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். நேரே பக்கத்து அறைக்குப் போய், ஒன்றாம் வகுப்பில் இருக்கும் தம்பி மணிகண்டனைத் தரதரவென்று இழுத்திருக்கிறாள். அவன் முட்டியெல்லாம் சிராய்ப்பு.

ஏன் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. முறைக்கிறாள். நான் என்னடி பண்ணினேன் உன்னை?

கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் ஒரு பார்வையில் வகுப்பையே உட்கார வைத்தவள் நான். ஜூனில் பள்ளிவாசல் ஊருக்கு மேலே, மலையில் இந்தத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன், தொண்டை போனதுதான் மிச்சம். கூரையில் மழை இரையும்போது யார் காதில் விழுகிறது? ஸ்கேலால் தகர பீரோவில் நாலு போடு போட்டால்தான் அடங்குகிறார்கள்.

ஜூலை 16, புதன்

நேற்றும் ஓடினாள். இன்று கதவைத் தாழ் போட்டு, லீடர் டிஜோவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இனி எப்படி ஓடுவாள், பார்த்துவிடலாம்.

ஜூலை 17, வியாழன்

பார்த்தாயிற்று. டிஜோவின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம்.

அட சாமி! இழுத்துப் பிடித்தபோது அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதை என் கையில் உணர்ந்தேன். பாவாடை நனைந்திருந்தது. கோபக்காரப் பிள்ளை பாவாடையை நனைத்துக்கொள்ளுமா?

சாயங்காலம் டிஜோவின் அப்பா யாக்கோபு வந்தார். எஸ்டேட் சூப்பர்வைசர். “டி.சி.யக் குடுத்து அனுப்புங்க டீச்சர். இல்லன்னா நான் ஏ.இ.ஓ. ஆபீசுக்குப் போறேன்.” ஹெட்மாஸ்டர் ஏசுதாஸ் சார் அடுத்த வெள்ளிக்கிழமை பி.டி.ஏ.யைக் கூட்டுகிறார். டி.சி. கொடுத்தால் அவ்வளவுதான். சுற்றிலும் மலையாளப் பள்ளிகள்; அடுத்த தமிழ்ப் பள்ளிக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிற அம்மா எங்கே கூட்டிப் போவாள்? இந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும்.

ஜூலை 21, திங்கள்

வெயில். எல்லோரையும் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். மாரீஸ்வரி தங்கமாக இருந்தாள்! பாட்டுக் கூடப் பாடினாள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன் கண்ணு அப்படி ஓடற?” என்றேன். “தம்பி” என்றாள். “தம்பியைப் பிடிக்காதா?” என்றதற்கு, இது கூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள்.

ஜூலை 23, புதன்

மறுபடி மழை. மறுபடி ஓட்டம். எனக்கும் டி.சி.யே மேல் என்று தோன்றிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கூட்டம் என் வகுப்பறையில்தான். சிறிய பெஞ்சுகளில் பெற்றோர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாரீஸ்வரியின் அம்மா வேலுத்தாய் தலைகுனிந்தபடி ஓரத்தில். யாக்கோபு டிஜோவின் கையைத் தூக்கிக் காட்டியதும் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஏசுதாஸ் சார் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல். பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்துப் பீரோவில் படபடவென்று அடித்தேன்.

வேலுத்தாய் துள்ளி எழுந்தாள். “தம்பி எங்கடி?” என்று வெளியே நின்ற மகளைப் பார்த்துக் கத்தினாள். எழுந்தது அவள் மட்டுமா? அத்தனை பேரும் பாதி எழுந்து நின்றார்கள். யாக்கோபு ஜன்னலுக்கே போய் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலுத்தாய்தான் மூச்சு வாங்கச் சொன்னாள்: “யான வந்தா லயத்து வீடுகள்ல தகரத்தத் தட்டுவாக டீச்சர். பழைய எஸ்டேட்டுல எங்க வீட்டுச் செவுத்தையே இடிச்சிருச்சு. இவதான் தம்பிய இழுத்து வெளிய போட்டா. தகரச் சத்தம் கேட்டா எது கெடந்தாலும் போட்டுட்டு அவனத் தூக்கிட்டு ஓடிரணும்னு நாந்தேன் சொல்லி வச்சிருக்கேன்.”

மற்ற பிள்ளைகளுக்கு அது டீச்சர் சத்தம் என்று பழகிவிட்டது. இவளுக்குப் பழகவில்லை. தினமும் நானே அவளுக்கு யானையை வரவழைத்திருக்கிறேன். கதவையும் பூட்டி வைத்து! அம்மா சொன்ன பேச்சைக் கேட்டதற்கா டி.சி. எழுத இருந்தோம்?

யாக்கோபு மெல்ல வந்து உட்கார்ந்தார். “விடுங்க சார், பிள்ள படிக்கட்டும்” என்றார்.

ஜூலை 28, திங்கள்

ஸ்கேலை அடுப்புக்குக் கொடுத்தாயிற்று. இனி கையை உயர்த்துவேன், பார்த்தவர்கள் எல்லாம் உயர்த்த வேண்டும். முதல் நாள் கூத்துதான்.

மாரீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். வெளியே ஓடினால் யானைக்கு எதிரே போய் நிற்போம், இந்தச் சுவர் கான்கிரீட் என்று தட்டிக் காட்டினேன். நிஜமாகவே தகரம் கேட்டால் தம்பியை இங்கே கூட்டிவர வேண்டும், தடுக்க மாட்டேன் என்றேன். “கதவ?” என்று கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை. எனக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

யாரோ சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டார்கள். ஓடினாள். வாசல் வரை போய், தானே நின்று, திரும்பி வந்தாள். டிஜோ இன்னும் அவளோடு பேசுவதில்லை. அவனை எப்படிக் குற்றம் சொல்வது?

ஆகஸ்ட் 20, புதன்

கணக்குப் பாடத்தின் நடுவே லயத்தில் தகரம். நிஜமான தகரம்.

மாரீஸ்வரி எழுந்துவிட்டாள், ஆனால் ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் டிஜோ எழுந்துபோய், மழைக்காகப் போட்டிருந்த தாழை நீக்கி, “போய்க் கூட்டிட்டு வா. நான் தொறந்தே வச்சிருக்கேன்” என்றான். கதவைப் பிடித்த கையில் அந்தப் பல் தழும்பு.

தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். டிஜோ தாழைப் போட்டுவிட்டுத் தன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இருவருக்கும் இடம் விட்டான். தகரச் சத்தம் ஓயும்வரை ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம். மணிகண்டனுக்கு வாய்ப்பாடு தெரியாது. அவனும் சேர்ந்து கத்தினான்.