நேரம்: காலை 6.00

பிப்ரவரி 1, ஞாயிறு

மாதக் கணக்கெடுப்பு. நாத்தனார் ஒன்பதே முக்காலுக்கு வந்து என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது. சேற்றுவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது 10.40. கடல்நீர் கரை வரை ஏறியிருந்தது. கற்களின் மேல் கொசு உள்ளான் ஒரு கூட்டம், பவளக்காலி இருபத்தொன்று, பட்டைவால் மூக்கன் நான்கே நான்கு. மொத்தம் 188.

வடக்கே பனி உறையும் நாடுகளிலிருந்து வந்து, திரும்பிப் பறக்குமுன் இந்தச் சேற்றில் புழு தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் பறவைகள். இவை கண்ணெதிரே காணாமல் போகின்றன என்று போன மாதம்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசினேன். பேசும்போதே அழுதுவிட்டேன். ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். ‘நேரம்’ என்ற கட்டத்தில் காலை 6.00. கை தானாக எழுதிவிடுகிறது.

பிப்ரவரி 4, புதன்

கண்ணாடிக்கடையில் ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் சரிசெய்துகொண்டிருந்தபோது பல் டாக்டர் போன் செய்தார். பல் பிடுங்குவது அவர் தொழில். இந்தக் கரை நெடுக பறவை எண்ணுகிற எங்கள் குழுவுக்குப் பொறுப்பும் அவர்தான். சேற்றுவெளியில் மண் கொட்டி மேடாக்கி, சரக்குப் பெட்டிகள் அடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறதாம். நிறுவனத்தின் அறிக்கையை எனக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நாற்பத்திரண்டாம் பக்கத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள் என்றார்.

நின்றுகொண்டுதான் படித்தேன். ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் பறவைகள் இவ்விடத்தைத் தாமாகவே கைவிட்டுவிட்டன. ஆகவே பாதிப்பு ஏதுமில்லை. ஆதாரம்: ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மாதந்தோறும் எடுக்கப்பட்ட கணக்கு.’ கீழே என் பெயர், தலைப்பெழுத்தோடு.

அதன் பிறகு பெரியவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டி அனுப்பிவிட்டேனாம். முதலாளி வாசல் வரை ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூட்டிவந்தார். எனக்கு எதுவும் நினைவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பழைய நோட்டுப் பெட்டியை இறக்கி வைத்தேன். திறக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடம் விடாமல் காலை ஆறு மணிக்குப் போயிருக்கிறேன். பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு என்பது எங்கள் குழுவின் வழக்கம். அன்றைக்கு ஆறு மணிக்கு நீர் வடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு திறந்து கிடக்கும். பறவைகள் பரவி மேயும். மூன்று வருடம் முன்பு பிப்ரவரியில் 4,312.

பதினோரு மணிக்கு அதே இடம் தண்ணீர். பறவைகள் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்து வரப்புகளில் போய் நிற்கும். என் எல்லைக்குள் இருக்காது. இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்!

தாமதமாகப் போன முதல் மாதம், “சரி, இந்த ஒரு தடவைதானே” என்று 6.00 போட்டேன். அடுத்த மாதமும் அதே. பிறகு எண்ணிக்கை விழுந்ததைப் பார்த்து நானே அழுதேன். என் பொய்யை நானே நம்பி, ஊரைக் கூட்டி அழுதிருக்கேன். என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்!

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும் என்பது பயிற்சியாளர் கொடுத்த பாடம். முப்பத்தொன்பது வரை வந்து நின்றுவிடுகிறார். நாற்பது வாய்க்குள் உருள்கிறது, வெளியே வர மறுக்கிறது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நிமிடம் பிந்தினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இரண்டு வருடம் முன்பு குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. விடியற்காலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. தினமும் நாத்தனார் வருகிற நேரம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். ஆறு மணிக்கு வர முடியவில்லை என்று பல் டாக்டரிடம் சொன்னால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் மருந்துச் சீட்டும் படுக்கை விரிப்பும் இல்லாத மனுஷியாக இருந்தேன். அதை விட மனசு வரலை. அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்ல? சொன்னால் வீட்டில் இவர் காதுக்கும் போகுமே.

பிப்ரவரி 12, வியாழன்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவரை அனுப்பும் வரை காத்திருந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றவே மறந்து உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“பத்தே முக்கால்னு எழுதியிருந்தா போதுமேங்க. நான் உங்களை மாத்தியிருக்க மாட்டேன்” என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “அனுமதி பத்திக் கருத்துக் கேக்குற கூட்டத்துல நீங்களேதான் சொல்லணும். நான் சொன்னா சமாளிக்கிறோம்னு நினைப்பாங்க.”

பிப்ரவரி 17, செவ்வாய்

கருத்துக் கேட்புக் கூட்டம். நகர அலுவலகத்தின் மாடி அறை, மின்விசிறி கடகடவென்று ஓடியது. எழுந்து நின்று சொன்னேன். இரண்டு வருடமாக நான் எழுதிய நேரம் பொய், போனது பத்தரைக்கு மேல், நீர் ஏறிய பிறகு. காரணம் கேட்டார்கள், கணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றேன்.

நிறுவனத்தின் ஆள் மரியாதையாகத்தான் கேட்டார்: “அப்போ முன்னாடி ஒன்பது வருஷம் எழுதினது மட்டும் உண்மைன்னு நாங்க எதை வச்சு நம்புறது?”

இதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவே இல்லை. பொய்யை எடுத்துவிட்டால் மெய் மிச்சம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி பதினோரு வருடக் கணக்கையும் தள்ளிவிட்டார். அதை நம்பி நிறுவனம் எழுதிய அறிக்கையையும் தள்ளினார். மார்ச் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு மூன்று பேர் எண்ண வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தால் அனுமதி கிடையாது. குறைந்தால் மண் கொட்டலாம். எண்ணுகிறவர்களில் நான் இருக்கக் கூடாது.

பதினோரு வருடம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 18, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. பெயர் இல்லை, ஆனால் ‘நோயுற்ற கணவரைக் கவனிக்க வேண்டியிருந்ததால்’ என்று இருந்தது. நான் ஒளித்து வைக்குமுன் அவர் இடது கையால் எடுத்துப் படித்துவிட்டார்.

ஒரே ஒரு சொல்தான் சொன்னார். “என்... னால.”

இல்லைங்க என்றேன். இல்லவே இல்லைங்க, நான் பண்ணினது என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று எண்ணவும் மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பேப்பர் விஷயத்தை இன்றுதான் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார் நாத்தனார். செருப்பைக் கழற்றுமுன்பே, “பேப்பர்ல வந்தது நீதானா?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“ஏன்மா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாங்கக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் நாலு மணிக்கே தூக்கம் கலைஞ்சு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ தூங்குவியேன்னுதான் இத்தனை நாளும் ஒன்பதே முக்கால் வரைக்கும் பொறுத்துக்கிட்டு வந்தேன்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், யாரும் அணைக்கவில்லை.

இரண்டு வருடம். ஒரு வார்த்தை. கேக்கலை. கேக்கணும்னு தோணவே இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

நாத்தனார் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். கேட்காமலே.

கரைமேட்டில் தள்ளி நின்றேன். கீழே பல் டாக்டர், ஒரு கல்லூரி ஆசிரியை, அரசு ஆள் ஒருவர், தொலைநோக்கிகளோடு. சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நிறுவனத்தார் ஏற்கெனவே சேற்றில் நட்டிருந்தார்கள். வெளிச்சம் வந்தது. சேறு முழுக்க அசைந்தது. என் கையில் தொலைநோக்கி இல்லை, ஆனாலும் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஆயிரத்துக்கு மேல் வரிசை குழம்பிவிட்டது.

மூவரும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டார்கள். 2,240.

பல் டாக்டர் மேடேறி வந்து எண்ணைச் சொன்னார். சேற்றுவெளி தப்பித்தது. அவர் கிளம்பிப் போன பிறகுதான் அந்த எண் முழுதாக உறைத்தது. 4,312 எங்கே, 2,240 எங்கே? உண்மையாகவே பாதி போயிருக்கிறது. எப்போது, எந்த மாதம், எதனால் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. அதைப் பார்க்க வேண்டியவள் நான். நானோ, உப்பளத்தில் நின்றிருந்த பறவைகளைக் காணோம் என்று இங்கே அழுதுகொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

அனுமதி மறுப்பு, எழுத்தில் வந்துவிட்டது. குச்சிகளைப் பிடுங்குகிறார்கள்.

நவம்பர் 22, ஞாயிறு

போன மாதம் டாக்டர் கணக்கெடுப்பை மறுபடி என்னிடமே கொடுத்தார். இடையில் எண்ணிவந்த அந்தக் கல்லூரி ஆசிரியைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. “நேரம்” என்று மட்டும் சொல்லி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

இன்று நாத்தனாருக்குக் காய்ச்சல். படுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று போனில் சொல்லியும் கேட்காமல் ஒன்பதே முக்காலுக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். போய்ச் சேர்ந்தபோது நீர் கரை வரை ஏறியிருந்தது. கற்களின் மேல் 163.

என் கணவர் இப்போது எண்ணும் பயிற்சியில் எழுபதைத் தாண்டிவிட்டார். நான் வீட்டுக்கு வந்ததும் எத்தனை பறவை என்று கேட்பதில்லை.

“எத்தனை... மணி?”

“பத்து நாப்பது.”

“எழுது” என்றார். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி நீட்டினார்.